மேசையில் மிச்சம் வைக்காதவள்

இரும் பிள்ளை, இரும். என்ர பையை நான் மடியில வைச்சுக்கொள்ளுறன். சனிக்கிழமை எண்டால் இவங்களுக்கு ரெயின் ஓடாது. தண்டவாளம் திருத்துறாங்களாம். எல்லாரையும் பஸ்ஸில ஏத்தி ஊரைச் சுத்திக் காட்டுறாங்கள். தமிழ்தானே நீர்? போனில அம்மாவோட கதைச்சது கேட்டது. ஒட்டுக் கேக்கேல்லை. பக்கத்தில இருந்து கதைச்சால் காது என்ன கதவே, பூட்டி வைக்க?

நான் யூனிவேர்சிற்றிக்குப் போறன். படிக்கிறதுக்கில்லை, ஐம்பத்தெட்டு வயசில என்ன படிப்பு. அங்க இருபத்திரண்டு வருசமாய் வேலை செய்யிறன், பதிவு அலுவலகத்தில. எந்த வகுப்பில ஆர் ஆர் சேர்ந்திருக்கினம், எத்தனை பேர், எந்த அறை, எல்லாம் என்ர கையாலதான் போகும். இண்டைக்கு வேலை நாள் இல்லை. வேற அலுவல்.

இந்த மாசியில எங்கட யூனிவேர்சிற்றியில வேலைநிறுத்தம் நடந்தது, தெரியுமோ? தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. உள்ளூர்ப் பேப்பரில சின்னதாய் ஒரு படம் போட்டவை. இடப்பக்கம் கம்பளித் தொப்பியோட நிக்கிறது நான்தான். முகம் தெரியாது, தொப்பி வடிவாய்த் தெரியும்.

அது மார்வாவுக்காகச் செய்தது. மார்வா கிட்டன்ஸ் எண்டு ஒரு விரிவுரையாளர், கறுப்பினப் பெண். தாய் பார்பேடோசில இருந்து இஞ்ச நேர்சாய் வந்தவவாம். மார்வா படிப்பிக்கிறது கறுப்பின மக்களின்ர சரித்திரம். பின்னேர வகுப்பு, வேலை முடிஞ்சு வாற ஆக்களுக்கு. பஸ் ஓடுறவை, ஆஸ்பத்திரியில நிக்கிறவை, வயோதிபர் இல்லத்தில பாக்கிறவை, அப்பிடியான சனம். ரெண்டு வருசம் வந்து, தங்கட தாய் தேப்பன் இந்த நாட்டில பட்ட பாட்டை அதுகளின்ர வாயாலயே சொல்லவைச்சு ஒலிப்பதிவு செய்து, எழுதி, பட்டம் எடுப்பினம்.

நான் ஒருநாள் கேட்டனான், "உதெல்லாம் சரித்திரமோ மார்வா, ஒரு பஸ் கொண்டக்டர் சொன்னதெல்லாம்?" எண்டு. அவ சிரிச்சுப்போட்டு, "ராசா சொன்னால் சரித்திரம், கொண்டக்டர் சொன்னால் புலம்பலோ, தவா?" எண்டா. என்ர பேர் தவமலர். அதுகளுக்கு வாயில வராது. தவா எண்டால் தவாதான்.

அவவுக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டனான் எண்டு சொல்லவேணும். ஆறு வருசத்துக்கு முதல் என்னை வேலையால நிப்பாட்டப் பாத்தவை. நான் போனில கதைக்கிற இங்கிலீஸ் விளங்கேல்லையாம், முறைப்பாடு வந்ததாம். விசாரணைக்கு யூனியனில இருந்து ஒரு ஆள் பக்கத்தில இருக்கலாம். மார்வா வந்து இருந்தா. மூண்டு மணித்தியாலம். "இந்த மனுசி பதினாறு வருசத்தில ஒரு பிழை விட்டதெண்டு காட்டுங்கோ பாப்பம்" எண்டு மேசையில தட்டிக் கேட்டா. அவையளால காட்ட ஏலேல்லை. என்ர வேலை தப்பினது. நான் அடுத்த வெள்ளி கோயிலுக்குப் போய் அவவின்ர பேரில அர்ச்சனை செய்தனான். ஐயர் நட்சத்திரம் கேட்டார். பார்பேடோஸ்காரிக்கு நட்சத்திரத்துக்கு நான் எங்க போறது? எனக்குப் பிடிச்சது ரோகிணி, அதைச் சொல்லிவிட்டன்.

இந்த முறை தை மாசம் மேலிடத்தில இருந்து ஒரு கடிதம் வந்தது. பன்னிரண்டு பேருக்குக் குறைஞ்ச வகுப்பெல்லாம் மூடப்போகினமாம். பன்னிரண்டெண்டு ஆர் எந்தப் பஞ்சாங்கத்தைப் பாத்துச் சொன்னதோ தெரியாது. பொறியியலில ஏழு பேரோட ஒரு வகுப்பு நடக்குது, எனக்குத் தெரியும், நான்தானே பதியிறன். கேட்டால் அதுக்கு வேற விதியாம். மார்வாவின்ர வகுப்பு எந்த வருசமும் பதின்மூண்டு, பதினாலு பேரோடதான் ஓடுறது. ஆரைக் குறி வைச்சதெண்டு சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். வகுப்பு மூடினால் மார்வாவுக்கும் வேலை இல்லை.

யூனியன் கூட்டம் வைச்சது. செயலாளர் டெரெக், நூலகத்தில வேலை செய்யிறவர், தாடி வைச்ச ஆள், வடிவாய் விளங்கப்படுத்தினார். மேலிடம் முடிவெடுக்கிற கூட்டம் மாசி நடுவில ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தக் கூட்டத்துக்கு எந்த வகுப்பில எத்தனை பேர் எண்ட பட்டியல் வேணும். அந்தப் பட்டியல் எங்கட அலுவலகத்தில இருந்து, அதுக்கு முதல் கிழமைக்குள்ள போகவேணும். அந்தக் கிழமை முழுக்க, திங்கள் தொடங்கி வெள்ளி மட்டும், ஒருத்தரும் வேலைக்குப் போறேல்லை. பட்டியல் இல்லையெண்டால் முடிவில்லை. அடுத்த கூட்டம் ஆனியில. அதுக்கிடையில வகுப்பு தொடங்கி நடந்துகொண்டிருக்கும், நடக்கிற வகுப்பை நிப்பாட்டுறது லேசில்லை. "பட்டியல் போகாட்டில் மார்வா தப்புவா" எண்டார். ஆர் ஆதரவு எண்டு கேட்க, எங்கட அலுவலகத்தில முதல் எழும்பின கை என்ர கை.

வீட்டில வந்து சொல்ல எங்கட அவர் குதிச்சார். "உனக்கென்ன விசரே? அவங்கட சரித்திரத்துக்கு உன்ர சம்பளத்தை வெட்டக் குடுக்கிறியோ?" எண்டு. அவங்கள் எண்டு சொல்லேல்லை, எங்கட ஆக்கள் அவையளுக்குச் சொல்லுற சொல் ஒண்டு இருக்கு, உமக்குத் தெரியும், அதைச் சொன்னவர். நான் அந்தச் சொல்லை வாயில எடுக்கமாட்டன். நான் இனம் பாக்கிற ஆள் இல்லை. அந்தச் சனம் ஒண்டையும் நேரத்துக்குச் செய்யாது, அது வேற கதை.

அதைத்தான் சொல்ல வந்தனான். வேலைநிறுத்தத்துக்கு முதல் வியாழக்கிழமை மார்வா எங்கட யன்னலடிக்கு வந்தா. "எத்தனை, தவா?" எண்டா. பதினொண்டு எண்டன். "இன்னும் ரெண்டு பேர் வருவினம். டெஸ்மண்ட் பஸ் ஓடுறவர், குளோரியா ஆஸ்பத்திரியில. ரெண்டு பேருக்கும் அடுத்த மாச வேலை நேரம் திங்கட்கிழமைதான் குடுப்பாங்கள். எந்தப் பின்னேரம் லீவெண்டு பாத்துப்போட்டுப் பதிவினம்" எண்டா. எல்லா வருசமும் இதே கூத்துத்தான். எங்கட ஊரில எண்டால் பதிவு திறக்கிற நாள் விடியவே போய் வரிசையில நிப்பம். இதுகளுக்குக் கடைசி நாளும் தாண்டவேணும். ஆனால் நான் ஒருநாளும் அவையளைத் திருப்பி அனுப்பினதில்லை. பிந்தி வாறவையைச் சேர்த்துத் திருத்தின பட்டியல் ஒண்டு பிறகு அனுப்புவன், மேலிடமும் எடுத்துக்கொள்ளும். மார்வா சொன்னா, "இந்த முறை அவசரம் இல்லை, பட்டியல் போகாதுதானே" எண்டு. ஓம் எண்டன்.

இனிச் சொல்லப்போறதை நான் ஒரு சீவனுக்கும் சொல்லேல்லை, எங்கட அவரைத் தவிர. நீர் இறங்கிப் போற ஆள். உம்மட பேரும் நான் கேக்கேல்லை. கேக்கவும் மாட்டன்.

நான் ஊரில ஏழு வருசம் கச்சேரியில, அரசாங்க அலுவலகத்தில, கிளாக்கராய் இருந்தனான். அங்க எங்கட பிரதம லிகிதர், பெரிய கிளாக்கர், ஒரு பிடிவாதக்காரர். லீவு போடுறதெண்டால் முதல் நாள் மேசை வெறும் பலகையாய்த் தெரியவேணும், இல்லாட்டில் லீவுக் கடிதத்தில ஒப்பம் வைக்கமாட்டார். என்ர கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் ஐஞ்சு மணி மட்டும் இருந்து பைல் கோவையெல்லாம் முடிச்சுக் குடுத்துப்போட்டு வந்தனான். வீட்டில அம்மா வாசலில நிண்டு தலையில அடிக்கிறா. அப்பிடிப் பழகின கை இது. இஞ்ச வந்தும் விடேல்லை. மகளைப் பெறப் போகேக்கையும் அப்ப நிண்ட கடையில சாமான் கணக்கெடுத்து எழுதி வைச்சிட்டுத்தான் போனனான்.

அண்டைக்கு வெள்ளிக்கிழமை. இனி ஐஞ்சு நாள் வரமாட்டன். பட்டியல் முக்கால்வாசி முடிஞ்சு அப்பிடியே கிடக்கு. ஐஞ்சரைக்கு எல்லாரும் போயிட்டினம். டெரெக் எட்டிப் பாத்து, "எல்லாத்தையும் கிடக்கிற மாதிரி விட்டிட்டு வா தவா, திங்கட்கிழமை வாசலில சந்திப்பம்" எண்டு சொல்லிப்போட்டுப் போனார். நான் கோட்டும் போட்டிட்டன். கோட்டுப் போட்டுக்கொண்டு அந்த மேசையைப் பாக்கிறன். எனக்கு என்னவோ செய்தது, பிள்ளை. சட்டியில கறி பாதி வெந்தபடி அடுப்பை நிப்பாட்டிப்போட்டுப் போற மாதிரி. கோட்டோடயே இருந்து ஆறே கால் மட்டும் செய்து முடிச்சன். ரெண்டு தரம் சரி பாத்தன். அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பினன். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டு வீட்டை போனன். நிம்மதியாய் நித்திரை கொண்டனான்.

யோசிக்கேல்லையோ எண்டு கேப்பீர். யோசிச்சனான். டெஸ்மண்டையும் குளோரியாவையும் யோசிச்சனான். பிறகு திருத்தி அனுப்பலாம், நெடுக அப்பிடித்தானே. வேலைநிறுத்தம் எண்டால் வேலைக்குப் போகாமல் நிக்கிறது. நான் போகேல்லை. வெள்ளிக்கிழமை சம்பளம் தாற நாள். சம்பளத்தை வாங்கிக்கொண்டு செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டால் அது களவெல்லோ.

அந்த ஐஞ்சு நாளும் நான் வாசலில நிண்டன். மழையும் பனியும் கலந்து மூஞ்சையில அடிக்குது. காலமை நாலு மணிக்கு எழும்பி நூற்றிருபது கட்லட் பொரிச்சுக்கொண்டு போனன். பார்சலைத் திறக்க முதலே டெரெக் மணந்து பிடிச்சுப்போடுவார். மார்வாவின்ர மாணவர் ஒரு பாட்டுப் பாடிச்சினம், சொல்லு எனக்கு விளங்கேல்லை, கை தட்டுறது விளங்கினது. உண்மையைச் சொன்னால் இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு காலத்தில நான் அந்த ஐஞ்சு நாள் மாதிரிச் சந்தோசமாய் இருக்கேல்லை. ஒருத்தரும் என்ர இங்கிலீஸ் விளங்கேல்லை எண்டு சொல்லேல்லை. புதன்கிழமை மார்வா குளிருதெண்டு தன்ர கையைக் கொண்டுவந்து என்ர கோட்டுப் பொக்கற்றுக்குள்ள விட்டா. "இருபத்தொன்பது வருசம், தவா. இந்த வகுப்பு போச்செண்டால் எனக்கு வேற ஒண்டும் தெரியாது" எண்டா. நான் பொக்கற்றுக்குள்ள அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, ஒண்டுக்கும் யோசியாதை எண்டன்.

வியாழக்கிழமை கெரோல் உள்ள போனா. கெரோல் என்ர முன் மேசைக்காரி, வெள்ளைக்காரி. அவவின்ர தாயை ஒரு இல்லத்தில விட்டுப் பாக்கிறது. தாய் விழுந்திட்டாவாம், இல்லத்துக் கடிதங்கள் மேசை லாச்சிக்குள்ள இருந்ததாம், எடுக்கப் போனவ. குனிஞ்ச தலையோட எங்களைத் தாண்டிப் போய் நாற்பது நிமிசத்தால வந்தா. வாசலில நிண்டவை "வெக்கம், வெக்கம்" எண்டு கத்திச்சினம். நானும் கத்தினன். தாய் சுகமில்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனால் எல்லாரும் கத்தேக்க நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டால் என்ன நினைப்பினம்?

அடுத்த திங்கள் வேலைக்குத் திரும்பினம். கணினியைத் திறந்தால் டெஸ்மண்டும் குளோரியாவும் பதிவுக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கினம், போன திங்கட்கிழமையே, ரெண்டு பேரும் காலமையே. உடன பதிஞ்சன். பதின்மூண்டு. திருத்தின பட்டியலை எடுத்துக்கொண்டு எங்கட பொறுப்பாளரிட்ட ஓடினன். அவர் சொல்லுறார், நாளைக்குக் கூட்டம், தாளெல்லாம் அச்சடிச்சாச்சு, இனி ஒண்டும் மாத்தேலாதாம். முந்தி மாத்தினீங்கள்தானே எண்டன். முந்தி முந்தியாம். பிறகு கதவைச் சாத்திப்போட்டு மெதுவாய்ச் சொன்னார், "வெள்ளிக்கிழமை நீ செய்தது பெரிய உதவி, தவா. உன்னைப்போல ஒரு ஆள் இல்லையெண்டால் நாங்கள் பட்டியலுக்கு எங்க போறது" எண்டு. அவர் நன்றி சொல்லேக்கதான் நான் என்ன செய்துபோட்டன் எண்டு எனக்கு உறைச்சது.

செவ்வாய்க்கிழமை ஏழு வகுப்பு மூடிச்சினம். மார்வாவின்ரயும் ஒண்டு.

யூனியன் திரும்பக் கூடினது. டெரெக்குக்கு முகமெல்லாம் சிவந்து கிடக்கு. "வேலைநிறுத்த நாளில பட்டியலை ஆர் குடுத்தது?" எண்டு கேட்டார். எல்லாரும் கெரோலைப் பாத்திச்சினம். கெரோல் அழுதுகொண்டு, கடிதம் மட்டும்தான் எடுத்தனான், கணினியைத் தொடவேயில்லை எண்டா. ஆர் நம்பப் போகினம்? கேட்டது வேலைநிறுத்த நாளில குடுத்ததை. அந்த நாளில நான் குடுக்கேல்லை. அதால நான் கை தூக்கேல்லை. பொய் ஒண்டும் சொல்லேல்லை நான், பிள்ளை, இண்டை வரைக்கும் ஒரு பொய் சொல்லேல்லை. அதுக்குப் பிறகு கெரோலோட ஒருத்தரும் கதைக்கிறேல்லை. நானும் கதைக்கிறேல்லை. எட்டடி தூரத்தில இருக்கிறா, தும்மினால் கூட நான் ஒண்டும் சொல்லுறேல்லை.

மார்வாவுக்குச் சொல்லப் போனனான். போன கிழமை, அவ அறையைக் காலி பண்ணேக்க. கசற் கசற்றாய் ஒலிப்பதிவு, முந்நூறுக்கு மேல, இருபத்தொன்பது வருசமாய்ச் சேர்த்தது. தமக்கையோட இருக்கப் போறாவாம், அங்க கார் கொட்டகைக்குள்ள வைக்கலாமாம். நான் வாசலில நிண்டு, "மார்வா, அந்த வெள்ளிக்கிழமை" எண்டு தொடங்கினன். அவ நிமிராமல், "இந்தப் பக்கத்தைப் பிடி தவா" எண்டா. பெட்டி பாரம். பிடிச்சன். கீழ காருக்குக் கொண்டுபோய் வைச்சம், திரும்ப வந்தம், அடுத்ததைப் பிடிச்சம். அப்பிடியே பன்னிரண்டு பெட்டி. கடைசிப் பெட்டி வைச்ச உடன என்னைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு அழுதா. அந்த நேரத்தில என்னெண்டு சொல்லுறது?

அவ அப்பதான் கேட்டவ. வகுப்பு மூடினாலும் மாணவர் விடேல்லை, கடைசி வேலையாய் இந்த வேலைநிறுத்தத்தையே ஒலிப்பதிவு செய்யினம். வாசலில நிண்ட ஒவ்வொருத்தரும் நடந்ததைத் தன்ர வாயால சொல்லவேணும். நகர ஆவணக் காப்பகத்தில வைக்கப் போகினமாம், நூறு வருசம் கழிச்சும் ஆக்கள் கேக்கலாமாம். எட்டுப் பேர் சொல்லி முடிச்சிட்டினம். எட்டுப் பேரும் கெரோலின்ர பேரைச் சொல்லிப்போட்டினமாம். கெரோலைக் கேக்கேல்லை, அவ வாசலில நிண்ட ஆள் இல்லைதானே. "நீ கட்டாயம் வரவேணும் தவா, ஒண்டும் விடாமல் சொல்லுற ஆள் நீதான்" எண்டா மார்வா. இண்டைக்குப் பதினொரு மணிக்கு என்ர முறை. டெஸ்மண்ட்தான் பதிவு செய்யிறார்.

எங்கட அவர், வாயை மூடிக்கொண்டு வீட்டில இரு எண்டார். இருக்க ஏலேல்லை. மார்வா கூப்பிட்டுப் போகாமல் இருக்கிறதோ?

என்ன பிள்ளை, அப்பிடிப் பாக்கிறீர்? சொன்னால் வகுப்பு திரும்பி வருமோ? வராது. மார்வாவுக்கு வேலை வருமோ? இந்த வயசில அவவுக்கு ஆர் குடுக்கிறது. அவவுக்கு மிஞ்சி இருக்கிறதெண்டால், நாங்கள் எல்லாம் அவவுக்காகப் பனியில நிண்டம் எண்ட ஒண்டுதான். அதையும் நான் போய் உடைக்கவோ?

ஓம், கெரோல். கெரோலை நான் மறக்கேல்லை. பாவம்தான். நான் என்ன செய்ய? நீர் என்ர இடத்தில இருந்தால் என்ன செய்வீர், சொல்லும் பாப்பம்.

கேள்வியெல்லாம் முதலே எழுதி அனுப்பினவை. முதல் கேள்வி, "வேலைநிறுத்தம் தொடங்கினதில இருந்து நீங்கள் கண்டதை வரிசையாய்ச் சொல்லுங்கோ." அதைத்தானே கேக்கினம். இராத்திரி முழுக்க வரிசையாய்ச் சொல்லிப் பாத்தனான், ஒரு சொல் பிழைக்கேல்லை.

என்ர இடம் வந்திட்டுது. கொஞ்சம் காலை ஒதுக்கும் பிள்ளை, இறங்கவேணும். திங்கட்கிழமை காலமை ஏழு மணி, மழை தூறிக்கொண்டிருந்தது, வாசலில நாங்கள் நாலு பேர் நிண்டம். அதில இருந்துதான் நான் தொடங்கப்போறன்.